வேறு நாட்டு வசந்த விழாக்களைப் பற்றிய படப் புத்தகங்கள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேவையா?

தேவைதான். நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், யாரோ அப்படி ஒரு புத்தகத்தைப் பரிசாகத் தந்திருப்பார்கள். "பனியும் பூவும் இவனுக்கு என்ன புரியும்" என்று மேலே தூக்கி வைத்திருப்பீர்கள். எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.

மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊரில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். குழந்தை உளவியல் படித்தவள் இல்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். போன பங்குனியில் இப்படி ஒரு புத்தகத்தை விரித்தேன். ஹோலி டிவியில் பார்த்ததுதான் என்று திருப்பிவிட்டார்கள். ஜப்பானில் செர்ரி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும் பக்கமும் நிற்கவில்லை. நவ்ரூஸில்தான் நின்றார்கள். மார்ச் 20, 21 வாக்கில் வரும் ஈரான் புத்தாண்டு அது. பூண்டு, ஆப்பிள், வினிகர் என்று ஏழு பொருள் வைப்பார்கள். அதில் ஒன்று, தட்டில் முளைக்கவிட்ட கோதுமை. ஒரு பொடியன் அதில் விரலை வைத்து, "அக்கா, இது முளைப்பாரி!" என்றான்.

அப்புறம் என்னைப் பேசவே விடவில்லை. அவன் அம்மாச்சி ஆட்டுப் புழுக்கையும் வைக்கோலும் போட்டு இருட்டறையில் வளர்த்தது, வெளிச்சம் படாமல் பயிர் வெளிறி நீண்டது, முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றிக் கும்மி அடித்தது, ஊருணியில் கரைத்தது எல்லாம் வந்தது. "அவங்களும் கரைப்பாங்களா?" கரைக்கிறார்கள். 13ஆம் நாள் குடும்பத்தோடு வெளியே போய், அந்தப் பயிரை ஓடும் தண்ணீரில் விடுகிறார்கள்.

அடுத்தது தாய்லாந்தின் சொங்க்ரான். ஏப்ரல் 13இல் தொடங்கும். நம் சித்திரை 1 போலவே சூரியன் மேஷத்தில் நுழைவதை வைத்து வந்த கணக்கு. தெருவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் படம். அம்மாவோடு தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீர் வாங்கப் போகிற பிள்ளை ஒருத்தி, "அங்க ஒரு குடம் எவ்வளவுக்கா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகவே அந்தப் புத்தகத்தை நூறு தடவை வாசிப்பேன்.

நம் பண்டிகையை மறக்கடிக்கிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். முளைப்பாரியை ஏன் இருட்டில் வளர்க்கிறோம் என்று அந்தப் பையன் அம்மாச்சியிடம் போய்க் கேட்டது இந்தப் புத்தகத்தால்தான். இதில் எதை மறந்தான்?

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நல்ல நல்ல படப் புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. கிழிந்தால் கணக்குக் காட்ட வேண்டுமாம். கரையான் அரித்தால் மட்டும் கணக்கு வேண்டாமா? பிள்ளை கை பட்டுக் கிழிந்தால் கிழியட்டும், அதற்குத்தானே அச்சடித்தது.

வாங்குவதாக இருந்தால், ஆட்டமும் உடையும் மட்டும் வரைந்த புத்தகம் வேண்டாம். வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எதைக் கழுவுகிறார்கள், எதை முளைக்கப் போடுகிறார்கள் என்று காட்டுவதாகப் பாருங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். உங்கள் வீட்டில் விசைப்படகுக்குப் போகிறவர் இருந்தால் கரையில்தான் இருப்பார். வலை பின்னுகிற நேரம் போக, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.