கேட்ட பாடப்பிரிவு கிடைக்காத வீட்டில் அடுத்த சில நாட்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் தந்தைக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பிலிருந்தே பள்ளியில் முதலிடம் பெற்றுவரும் உங்கள் மகள் கிண்டி பொறியியல் கல்லூரியின் கணினி அறிவியல் தவிர வேறெதையும் நினைத்துப் பார்த்ததில்லை என்றும், பொறியியல் கலந்தாய்வின் தற்காலிக ஒதுக்கீட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகமான எம்.ஐ.டி.யில் மின்னணு மற்றும் கருவியியல் பிரிவு வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தவர் ஒருவர் தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் இடத்தை ‘பேசி முடித்துத் தருவதாக’ச் சொல்கிறார் என்பதையும் கடிதத்தின் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். மகளின் வருத்தம் ஆற நாளாகும். ஒதுக்கீட்டை உறுதி செய்யும் அவகாசமோ மிகக் குறுகியது. ஆகவே கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

அந்த இடத்தை வாங்க வேண்டாம். கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீடு சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்று கேட்பதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது, இடைத்தரகரிடம் கொடுக்கும் பணத்துக்கு ரசீதும் கிடையாது. உங்கள் குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால், அதற்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்குத்தான் உண்டு. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: மகள் தன் மதிப்பெண்ணால் பெற்ற இடத்தைத் தள்ளிவிட்டு நீங்கள் பணத்தால் வேறொன்றை வாங்கினால், நீ எடுத்தது போதவில்லை என்று நீங்களே சொன்னதாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள்.

உண்மையில் அவள் எடுத்தது எவ்வளவு என்று பாருங்கள். கணிதம் 98, இயற்பியல் 97, வேதியியல் 96. கணிதத்தை முழுதாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் கூட்டினால் 200க்கு 194.5 கட்-ஆஃப் வருகிறது. இழந்தது ஐந்தரை மதிப்பெண். ஆனால் தரவரிசையின் உச்சியில் அரை மதிப்பெண்ணுக்குள்ளேயே ஏராளமான மாணவர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், கட்-ஆஃப் சமமானால் கணிதம், இயற்பியல், விருப்பப் பாடம் எனத் தொடங்கிப் பிறந்த தேதி வரை வரிசையாகப் பார்த்து, அதிலும் சமமானால் குலுக்கல் போலக் கணினி தரும் ரேண்டம் எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்துகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிரிவு கைநழுவியது அவளுடைய திறமைக்கு வந்த தீர்ப்பாகாது. இதை ஒருமுறை கணக்காகவே அவளிடம் போட்டுக் காட்டுங்கள். டேராடூனில் ஒன்பதாவதாக வந்து விமானப்படை வாய்ப்பை இழந்த அப்துல் கலாம் படித்ததும் இதே எம்.ஐ.டி.யில்தான், ஆனால் அந்தக் கதையை இந்த வாரம் சொல்ல வேண்டாம். அது அவளுக்குத் தெரியும், இப்போது காதில் ஏறாது.

இந்த ஒதுக்கீட்டை என்ன செய்வது? கலந்தாய்வு இணையதளத்தில் ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு சேரலாம், ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய வாய்ப்புக்குக் காத்திருக்கலாம், அல்லது மறுக்கலாம். இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். விருப்பப் பட்டியலில் இவள் மேலே குறித்த இடம் ஏதேனும் காலியானால் அது தானாக வந்துசேரும், வராவிட்டால் இப்போதுள்ளது கையில் இருக்கும். மேலே உள்ளது வந்துவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது என்பதையும் அவள் தெரிந்துகொண்டு அழுத்த வேண்டும். மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது இவள் நிலையில் வீண் துணிச்சல். அங்கே மிஞ்சிய இடங்களில் இருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

கருவியியல் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கே குழாய்க்குள் ஓடும் எண்ணெயின் வெப்பம், அழுத்தம், ஓட்டத்தின் அளவு ஆகியவற்றைச் சென்சார்கள் அளந்து கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப, அங்கிருந்து வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்ற கட்டளை திரும்பி வருகிறது. இந்த அளவீடும் கட்டுப்பாடும்தான் அவள் படிக்கப் போவதன் மையம். மின்னணுவியலும் கணிதமும் நிரல் எழுதுதலும் அதோடு சேர்ந்தே வரும். மென்பொருள் நிறுவனங்கள் வளாக நேர்காணலில் பிற பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. கணினி ஆசை அப்படியே இருந்தால், சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பில், ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதாமலே தகுதிச் சுற்றில் தேறி, பி.இ. படித்துக்கொண்டே சேரலாம். முதல் பருவத்திலேயே இரண்டையும் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மகளிடம் இப்போது அதிகம் பேசாதீர்கள். அழுதால் அழட்டும், ‘இதுக்குப் போயா?’ என்று கேட்காதீர்கள். யாருக்கு எங்கே கிடைத்தது என்ற செய்தியைச் சில நாட்கள் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். மாடிப்படியில் நிறுத்தி விசாரிக்கும் உறவுக்காரர்களுக்கு, “அண்ணா யுனிவர்சிட்டியில கெடச்சிருக்கு, இன்னும் கன்ஃபார்ம் பண்ணல” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அந்தப் பதிலைச் சொல்லும் பொறுப்பை அவள் தலையில் வைக்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் ஒரு வாரத்துக்கு மேல் சீராகாமல் போனாலோ, இருந்து என்ன பயன் என்பதுபோல ஒரு சொல் வாயில் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. மனநல உதவிக்கு 14416 அல்லது 104 எண்ணில் இரவானாலும் அழைத்துப் பேசலாம், மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

தூரத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கும் வழியிருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிக் கிண்டியில் இறங்கினால், அங்கிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில் குரோம்பேட்டையில் நிற்கும். அவள் மனம் கொஞ்சம் தெளிந்ததும் ஒரு காலை நேரத்தில் இருவருமாக அந்தப் பயணத்தைச் செய்து பாருங்கள். விடுதியா, தினமும் போய்வருவதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்பதை மட்டும் இன்றே பாருங்கள். ஒதுக்கீட்டை உறுதி செய்யும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், பொத்தானை அவளே அழுத்தட்டும்.