மகள்மீது செய்த சத்தியம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41. தினமும் 12 சிகரெட்டாவது புகைப்பேன். ஏழு வயது மகளுக்கு இளைப்பு. "வீட்டில் யாராவது புகைக்கிறார்களா?" என்று மருத்துவர் கேட்டபோது மனைவி தரையைப் பார்த்தாள். அன்றிரவே மகள்மீது சத்தியம் செய்து நிறுத்தினேன். மூன்றாம் நாள், பென்சிலைக் கீழே போட்டதற்காக அவளிடம் கத்திவிட்டேன். "இப்படிக் கத்துவதற்கு நீங்கள் புகைத்தே தொலையலாம்" என்றாள் மனைவி. இப்போது மாடிக்குப் போய் ஒளிந்து புகைக்கிறேன். வாய் கொப்பளித்துவிட்டுத்தான் இறங்குகிறேன். ஆனாலும் கட்டிக்கொள்ள வரும் மகள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு விலகிவிடுகிறாள். பெற்ற பிள்ளையைவிட எனக்குச் சிகரெட்தான் பெரிதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

பெரிதாக இருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். உங்களைக் கவிழ்த்தது அந்தச் சத்தியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சத்தியம் செய்தவருக்கு ஒரு சிகரெட் என்பது சறுக்கல் அல்ல, துரோகம். துரோகத்தை யாரிடம் சொல்வது? மாடிக்குத்தான் போக வேண்டும். அந்தச் சுமையை மகள் தலையிலிருந்து இறக்கிவிடுங்கள். "அப்பா மறுபடி முயல்கிறேன், தவறினால் அது உன்னால் அல்ல" என்று சொன்னால் போதும்.

மூன்றாம் நாள் கத்தியது உங்கள் குணம் அல்ல. சிகரெட்டில் அடிமையாக்கும் பொருளான நிகோடின் நின்ற இரண்டு மூன்று நாட்களில்தான் எரிச்சல் உச்சத்துக்குப் போகும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். மனைவிக்கு இது தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இந்த முறை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மாடி பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். புகையின் நச்சு சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு உங்களுடனேயே இறங்கி வருகிறது. மகளின் மூக்கு பொய் சொல்லவில்லை.

மன உறுதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மருத்துவரிடம் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம் பற்றிக் கேளுங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. அந்தச் சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய்போல விடாமல் மென்றால் விக்கல்தான் வரும். காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, அது அடங்கிய பிறகு மறுபடி மெல்ல வேண்டும். திடீரென எழும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். அந்த நேரத்தில் மாடி ஏறாமல் தெருவில் இறங்கி நடந்துவிட்டு வாருங்கள்.

நடுவில் ஒன்று புகைத்துவிட்டாலும் அடுத்ததைப் பற்றவைக்காதீர்கள். அன்று மாலையே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவர் காவல்காரர் ஆக வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும். நிறுத்தும் தேதியையும் அவரிடமே முதலில் சொல்லுங்கள். மாடியில் பெட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்பதையும்தான்.