கேம்பிட்டுக்கும் கேம்பிளுக்கும் சொந்தமே இல்லீங்க

க்விஸ்ல ஒரு பையன், கேம்பிட்ங்கிற செஸ் வார்த்தை இத்தாலியன்ல காலைக் குறிக்கிற சொல்லுலேருந்து வந்துச்சுன்னு எழுதியிருக்கான். கோச்சிங் சென்டர்ல அதை அடிச்சுட்டு 'கேம்பிள், அதாவது சூதாட்டம்'னு திருத்திட்டாங்களாம். ஃபைனல்ல எதை எழுதுறதுன்னு அவங்க அம்மா கேக்குறாங்க.

பையன் எழுதினதுதான் சரி, அதையே எழுதட்டும். இத்தாலியன்ல கம்பான்னா கால், கம்பெத்தோன்னா மல்யுத்தத்துல எதிராளியோட காலைத் தட்டி விழவைக்கிறது, நாம காலை வாரிட்டான்னு சொல்றோமே அதேதான். 1561-ல ரூய் லோபஸ்ங்கிற ஸ்பெயின் பாதிரியார் தன்னோட செஸ் புத்தகத்துல இதை கம்பித்தோன்னு கொண்டுவந்தார், 1656-ல இங்கிலீஷ்லயும் அச்சாகிடுச்சு. செஸ்லயும் அதேதான், சிப்பாயைக் காட்டி எதிராளிக்கு ஆசை மூட்டுறோம், அவன் அதை எடுக்குற நேரத்துல நம்ம காயெல்லாம் வெளியில வந்துடும், அவன் தடுமாறுவான். கேம்பிள் வேற வம்சம், அது கேம்ங்கிற பழைய இங்கிலீஷ் சொல்லோட பிள்ளை.

ஒண்ணு மட்டும் பையனுக்குப் புரியவைங்க. கேம்பிட்னாலே சிப்பாயைப் பலி குடுக்குறதுன்னு மனப்பாடம் பண்ணிட்டு, குயின்ஸ் கேம்பிட்ங்கிற ஆட்டத் தொடக்கத்தையும் பலின்னு எழுதிடுவாங்க. அதுல வெள்ளை சிப்பாய் டி4-க்கு, கருப்பு சிப்பாய் டி5-க்கு (இதெல்லாம் பலகையில கட்டத்தோட பேர்), அடுத்து வெள்ளை சி4, கருப்பு அந்த சி4 சிப்பாயை எடுத்தாலும் வச்சுக்க முடியாது. வெள்ளை இ3 ஆடுறப்போ கருப்பு பி5 வச்சு அதைக் காப்பாத்தப் பார்த்தா வெள்ளை ஏ4 வரும், அதுக்கும் சி6 வச்சா வெள்ளை பி5-ல வெட்டும், கருப்பு சி சிப்பாயால திரும்ப வெட்டினதும் வெள்ளை ராணி எஃப்3-ல உக்காந்து மூலையில இருக்குற கருப்பு யானையைக் குறி வைக்கும், கருப்புக்கு ஏதாவது ஒரு காய் போயே தீரும். அதனால அது பேருக்குத்தான் கேம்பிட், சிப்பாய் திரும்பி வந்துடும்.

அப்புறம் இந்த க்வெஸ்டின் பேங்க் பிடிஎஃப் விக்கிறவங்ககிட்ட தயவு செஞ்சு காசு குடுக்காதீங்க, ஒருத்தன் தப்பா போட்டதை அடுத்தவன் அப்படியே காப்பி அடிச்சு, அட்டையை மட்டும் மாத்தி விக்கிறான், சத்தம் ஒரே மாதிரி இருந்தா போதும், உடனே சொந்தம்னு எழுதிடுறாங்க. ஆன்ஸர் கீல இல்லாட்டி எவ்வளவு சரியா எழுதினாலும் பூஜ்யம், கேட்டா 'மேலிடத்துல கேளுங்க', படிச்ச பிள்ளையைத்தான் இந்த முறை தண்டிக்குது, எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கோம்.

பரீட்சை முடிஞ்சு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. இப்பவே நல்ல இங்கிலீஷ் அகராதியில கேம்பிட், கேம்பிள் ரெண்டு சொல்லுக்கும் மூலம் போட்டிருக்குற பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து க்விஸ் நடத்துறவங்ககிட்ட கைப்பட குடுங்க, வாங்கினதுக்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கோங்க.