பழைய அலுமினிய மாட்டு டிரெய்லரின் தரத்தை எப்படிப் பார்ப்பது?

பொய்கைச் சந்தைக்கு மாடு ஏற்றிப் போகத்தானே கேட்கிறீர்கள்? பளபளப்பை விடுங்கள். முதலில் ரப்பர் பாயைத் தூக்கித் தரையைப் பாருங்கள். மூத்திரமும் சாணமும் தேங்கி அலுமினியத்தை அரிப்பது அங்கேதான். மேலாக வெள்ளைப் பொடி இருந்தால் பரவாயில்லை. சுரண்டினால் குழி தெரிகிறதா, விலையே பேசாதீர்கள்.

அப்புறம் அடியில் குனிந்து, இரும்பும் அலுமினியமும் சேரும் இடங்களைப் பாருங்கள். நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ இல்லையென்றால், ஈரம் பட்டதும் அலுமினியம்தான் அரிபடும். வெல்டிங்கை ஒட்டிய பகுதி சூட்டில் பலம் குறைந்திருக்கும் என்பதால் விரிசலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கதவுக் கீல், மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

விரிசலை ஒட்டித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், ஆர்கான் வாயு வைத்துச் செய்யும் வெல்டிங்கா என்று கேளுங்கள். இரும்புக்கு வைக்கிற சாதாரண ராடு இதற்கு ஆகாது.