‘ஃப்ரீ கேம்’தான்… அப்புறம் எப்படி 4,300 ரூபாய் போனது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் என் போனில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு விளையாடுகிறான். “ஃப்ரீதாம்மா, காசே கிடையாது” என்றான். போன வாரம் வங்கிக் கணக்கைப் பார்த்தால் 40, 80, 160 என்று சிறுசிறு தொகையாக இரண்டு மாதத்தில் 4,300 ரூபாய் போயிருக்கிறது. என் யுபிஐ பின் நம்பரை அவன் பார்த்து வைத்திருக்கிறான். பணம் திரும்பக் கிடைக்குமா? இலவசம் என்று சொல்லிவிட்டு எப்படிக் காசு வாங்குகிறார்கள்? விளையாட்டையே போனிலிருந்து அழித்துவிடலாமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் நாள் கணக்கு இருக்கிறது. கூகுள் ப்ளே வழியாகப் போன பணம் என்றால், வாங்கிய 48 மணி நேரத்துக்குள் ப்ளே ஸ்டோரிலேயே ‘ரீஃபண்ட்’ கேட்கலாம். அதற்குப் பிறகு விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்திடம்தான் எழுதிக் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத யாரோ உங்கள் கணக்கிலிருந்து வாங்கியிருந்தால் 120 நாள் வரை புகார் செய்ய வழி உண்டு. உங்கள் விஷயம் அதில் சேராது. பின் நம்பர் வீட்டுக்குள்ளேயே தெரிந்திருந்தது என்றால் கூகுள் பொதுவாகக் கைவிரித்துவிடும். ஆகவே கடைசி ஒன்றிரண்டு தொகை திரும்பலாம், முழுப் பணத்தையும் எதிர்பார்க்காதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதிக் கேளுங்கள். ‘யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று எழுத வேண்டாம்.

வங்கியிடம் போய், ‘இந்தப் பணத்தை நான் செலுத்தவில்லை’ என்று தகராறு எழுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் செய்தால் விளையாட்டுக் கணக்கே முடக்கப்படலாம். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் அப்படித்தான் செய்தது என்பது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. கேம் லோட் ஆகும்போது தெரியாமல் ஒரு பட்டனைத் தொட்டாலும் பணம் போகும்படி அமைத்திருந்தார்கள் என்பது இன்னொன்று. அந்த வழக்கில் 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அடுத்தது, எப்படி வாங்குகிறார்கள் என்பது. இலவச விளையாட்டில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஒரு பைசாகூடத் தருவதில்லை. தருகிற சிறு கூட்டத்தின் பணத்தில்தான் மொத்தக் கடையும் ஓடுகிறது. சர்வர் செலவு, ஆட்களுக்குச் சம்பளம், ஆப் ஸ்டோருக்கு 30 சதவீதம் வரை கமிஷன் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். காசு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. காசு கொடுக்கிறோம் என்பதே தெரியாதபடி வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் மகன் ரூபாய் கொடுத்துத் துப்பாக்கிக்கு ‘ஸ்கின்’, அதாவது அலங்காரத் தோற்றம், வாங்கவில்லை. ரூபாய் கொடுத்து டைமண்ட் வாங்கினான், டைமண்டைக் கொடுத்து ஸ்கின் வாங்கினான். நடுவில் ஒரு பொய்க்காசு புகுந்ததும் விலை மறந்துபோகிறது. அந்தக் காசும் தேவையான அளவுக்குக் கிடைக்காது. ஃபோர்ட்நைட்டில் பல ஆண்டுகளாக ஒரு ‘பேட்டில் பாஸ்’ விலை 950 வி-பக்ஸாக இருந்தது. வி-பக்ஸ் என்பது அந்த விளையாட்டின் பொய்க்காசு. கடையில் கிடைத்த மிகச் சிறிய கட்டு 1,000. மிச்சம் 50 கணக்கில் கிடக்கும். அதை வைத்து உருப்படியாக எதுவும் வாங்க முடியாது, விட்டுவிடவும் மனம் வராது. அடுத்த முறை வாங்க அதுவே காரணமாகிவிடும்.

பாஸ் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பணம் கட்டியவுடன் பொருள் கைக்கு வராது. நாள்தோறும் ஆடி, படிப்படியாக ஏறி, சீசன் முடிவதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டிய காசு வீணாகக் கூடாதே என்று பையன் பரீட்சை நேரத்திலும் போனைக் கேட்பது இதனால்தான். கேண்டி க்ரஷ் வேறு வழி வைத்திருக்கிறது. 5 உயிர், போன உயிர் ஒவ்வொன்றும் திரும்பி வர 30 நிமிடம். காத்திருக்க முடியாதவர் காசு கொடுக்கலாம். அங்கே விற்பது பொறுமையின்மையை. விளம்பரம் காட்டும் விளையாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் நேரமும் டேட்டாவும்தான் அங்கே கட்டணம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது ‘ஸ்பின்’. அதாவது மூடிய பெட்டியை வாங்குவது போல, என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு போடுவது. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பணத்துக்கு ஒரு வகைக் கல், அந்தக் கல்லுக்கு இன்னொரு வகைக் கல், அந்த இன்னொரு கல் 160 கொடுத்தால் ஒரு முறை இழுக்கலாம். அரிதான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு ஒரு இழுப்புக்கு 0.6 சதவீதம், ஆயிரத்துக்கு ஆறு. 90 இழுப்புக்குள் ஏதோ ஒன்று நிச்சயம் வரும், ஆனால் அது நீங்கள் கேட்டதாக இருக்க வேண்டியதில்லை. கேட்டதே வர, மிக மோசமான நிலையில் 180 இழுப்பு வரை ஆகும். 28,800 கல்! அது எத்தனை ரூபாய் என்று ஒரு பிள்ளை மனக்கணக்காகப் போட முடியுமா? பெரியவர்களாலேயே முடியாது.

2025 ஜனவரியில் இந்த விளையாட்டின் நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு அமெரிக்க ஆணையத்துடன் சமரசத்துக்கு வந்தது. பெற்றோர் சம்மதமின்றி 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாத இந்தப் பெட்டிகளை விற்கக் கூடாது, பொய்க்காசு இல்லாமல் நேரடியாக உண்மைப் பணத்தில் வாங்கவும் வழி இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பெல்ஜியம் 2018லேயே இவ்வகைப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளைத்தான் தடை செய்கிறது. ஸ்கின்னும் டைமண்டும் விற்கும் விளையாட்டுகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. 2023 நவம்பரில் வெளியான நுகர்வோர் வழிகாட்டு நெறிகள் பொய் அவசரம் காட்டுவது, நச்சரிப்பது உள்ளிட்ட 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. அப்படி ஏதாவது நடந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இன்றே செய்ய வேண்டியவை. யுபிஐ பின்னை மாற்றுங்கள். ப்ளே ஸ்டோரில் சேமித்திருக்கும் கார்டு, யுபிஐ எல்லாவற்றையும் நீக்குங்கள். செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள், அதுவும் உங்கள் கைரேகையாக இருக்கட்டும். அங்கே மாத பட்ஜெட் போடும் வசதியும் உண்டு, ஆனால் அது எச்சரிக்கும், தடுக்காது. மகனுக்குத் தனிப் போன் இருந்தால், பெற்றோர் கண்காணிப்புக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டு, அவன் எதை வாங்கினாலும் உங்கள் அனுமதி வேண்டும் என்று அமைக்கலாம். ஐபோன் வீடுகளில் ஸ்க்ரீன் டைம் பகுதியில் ‘இன்-ஆப் பர்ச்சேஸ்’ என்பதையே மூடிவிடலாம்.

இவ்வளவும் ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாகப் போகும் பணத்துக்குத்தான் காவல். வெளி இணையதளங்களில் யுபிஐ மூலம் நேராக ‘டாப்-அப்’ செய்தால் ப்ளே ஸ்டோர் கணக்கில் அது தெரியவே தெரியாது. வங்கிக் கணக்கில் பார்த்த 4,300 ரூபாயையும் ப்ளே ஸ்டோரின் ‘ஹிஸ்டரி’ பகுதியில் இருக்கும் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பணம் அந்த வழியில் போயிருக்கிறது.

விளையாட்டை அழிக்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். உங்கள் போனில் அழித்தால் நண்பன் போனில் ஆடுவான், அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியாது. விளையாட்டில் சாதா உடையில் வருகிறவனை ‘நூப்’ (கத்துக்குட்டி) என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வதும் அந்த வயதில் சின்ன விஷயம் இல்லை. மாதம் ஒரு தொகை, நூறோ இருநூறோ உங்கள் வசதிப்படி, ப்ளே ‘ரீடீம் கோட்’ ஆக, அதாவது முன்கூட்டியே பணம் கட்டிய கூப்பன் எண்ணாக, வாங்கிக் கொடுங்கள். தீர்ந்தால் அடுத்த மாதம்தான். ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: கண்ணால் பார்த்து வாங்கும் பொருளுக்கு மட்டும் காசு, ஸ்பின்னுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வாங்குவதற்கு முன் அதன் விலையை ரூபாயில் கணக்குப் போட்டு உங்களிடம் சொல்லட்டும். திட்டாமல், இதுவரை வாங்கியதை எல்லாம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். எதெல்லாம் பிடித்திருக்கிறது, எதைத் தொடவே இல்லை என்று அவனே சொல்வான்.

கையில் காசு குறைந்ததும் ‘பாதி விலைக்கு டைமண்ட்’ என்று வாட்ஸ்அப், டெலிகிராமில் வரும் ஆட்கள் பக்கம் அவன் பார்வை போகலாம். விளையாட்டு ஐடி, பாஸ்வேர்டு, ஓடிபி யார் கேட்டாலும் தரக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள். அப்படி ஏமாந்து பணம் போனால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் புகார் பதிவானால்தான் அதை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது.