கட்டியில் குரோமோசோம் மாற்றம்: பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. முழங்காலுக்குப் பின்னால் இருந்த கட்டியில் ஊசி பயாப்சி எடுத்து, 'சைனோவியல் சார்கோமா' என்ற மென்திசுப் புற்று என்றார்கள். 'ஃபிஷ்' என்ற மரபணுப் பரிசோதனையில் எஸ்எஸ்18 மரபணு முறிந்திருக்கிறதாம். பரம்பரை நோயா இது? நாங்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். இந்த மாற்றம் உங்கள் தம்பி பிறவியிலேயே கொண்டுவந்ததல்ல. பிற்பாடு ஏதோ ஒரு செல்லில் நேர்ந்து, அந்தச் செல் பெருகிக் கட்டியானது. உடம்பின் மற்ற செல்களில் இது இருக்காது. பிள்ளைகளுக்குப் போக வழியில்லை. இந்த முறிவில் எக்ஸ் குரோமோசோமும் சம்பந்தப்பட்டிருப்பதால் 'அம்மா வழி வந்தது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

18-ஆம் குரோமோசோமும் எக்ஸ் குரோமோசோமும் முறிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 18-இல் உள்ள எஸ்எஸ்18 மரபணுவின் பெரும்பகுதியோடு, எக்ஸில் உள்ள எஸ்எஸ்எக்ஸ்1 அல்லது எஸ்எஸ்எக்ஸ்2-வின் வால் பகுதி சேர்ந்துவிடுகிறது. இந்த ஒட்டு மரபணு உண்டாக்கும் புரதம், செல்லில் அடங்கிக் கிடக்க வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சைனோவியல் சார்கோமாக்களில் 95 சதவீதத்துக்கு மேல் இந்த மாற்றம் உண்டு. நரம்புறையில் தோன்றும் புற்றுக்கட்டியும் மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய இதே மாதிரி தெரியும். அங்கே இந்த முறிவு இருக்காது. அதனால்தான் இந்த அறிக்கை முக்கியம்.

ஒரு விதிவிலக்கு: குடும்பத்தில் இளம் வயதிலேயே மார்பகப் புற்று, மூளைக் கட்டி, சார்கோமா என்று பலருக்கு வந்திருந்தால் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். அங்கே தேடுவது டிபி53 என்ற வேறு மரபணுவை.

கேள்வி: எங்களுக்கு 'ஃபிஷ் முடிவு கிடைக்கவில்லை' என்று வந்திருக்கிறது. நோய் இல்லை என்று அர்த்தமா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. திசு பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை என்றுதான் அர்த்தம். திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கிலிருந்து 4 அல்லது 5 மைக்ரான் தடிமனில் சீவி, மரபணுவின் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் ஒளிரும்படி, ப்ரோப் என்ற சாயமேற்றிய டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டுவார்கள். முறியாத செல்லில் இரு நிறமும் சேர்ந்து மஞ்சளாக இரண்டு புள்ளிகள். முறிந்த செல்லில் ஒரு மஞ்சள், விலகி நிற்கும் ஒரு சிவப்பு, ஒரு பச்சை. சீவும்போது செல்லின் உட்கருவே பாதியாக வெட்டுப்பட்டுப் புள்ளி காணாமல் போவதும் உண்டு; எனவே ஒன்றிரண்டு செல்லைப் பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள்.

புள்ளிகளே ஒளிராமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, திசு கெடாமல் போட்டுவைக்கும் ஃபார்மலின் திரவத்தை. 10 சதவீத பஃபர் ஃபார்மலின், திசுவின் அளவைப்போல் 10 மடங்கு இருக்க வேண்டும். பெரிய கட்டியை வெட்டாமல் அப்படியே போட்டால் நடுப்பகுதி அழுகிவிடும். எலும்பும் சேர்ந்த திசுவை மென்மையாக்க ஆசிடில் ஊறவைத்தால் டி.என்.ஏ. சிதைந்துபோகும், இடிடிஏ கரைசலில் நாளாகும், ஆனால் டி.என்.ஏ. தப்பும்.

வேறு பிளாக் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டுப் புரதத்தையே காட்டும் ஆன்டிபாடி சாயப் பரிசோதனையும் உண்டு. வேறு மருத்துவமனைக்குப் போவதானால் ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாற்றம் தெரிந்துவிட்டதே, அதற்கென்று மாத்திரை இருக்கிறதா?
– வாசகர், மதுரை

பதில்: கட்டியைப் பொறுத்தது. தோலில் வரும் டிஎஃப்எஸ்பி என்ற சார்கோமா கட்டியில் 17, 22-ஆம் குரோமோசோம்கள் இடம் மாறியிருக்கும். அறுவை செய்ய முடியாத நிலையில் அதற்கு இமாட்டினிப் மாத்திரை உண்டு. சைனோவியல் சார்கோமாவில் ஒட்டு மரபணுவை நேராகத் தாக்கும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்துக் கட்டியை அகற்றுவதே பிரதான சிகிச்சை. தேவைப்பட்டால் கதிர்வீச்சு, ஐஃபாஸ்ஃபமைடு, டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்துகள்.