மாரியில் அடித்த பிறைமர் உரிகிறது: புது பெயின்ற் செற் வாங்க வேண்டுமா?

கேள்வி: 1803இல் கற்சிலைமடுவில் பண்டார வன்னியனுக்கும் ஆங்கிலேயப் படைக்கும் நடந்த சண்டையை மேசையில் வைக்கும் சிறு மாதிரிக் களமாகச் செய்கிறேன். 28 மி.மீ. அளவு உலோகப் போர்வீரர் உருவங்கள் நாற்பது எடுப்பித்தேன். கார்த்திகையில், வாகன பெயின்ற் கடையில் வாங்கிய ஸ்பிறே பிறைமர் (நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடித்தேன். வெள்ளையாகப் பூத்து, சொரசொரத்து, மேலே பூசிய நிறம் நகம் பட்டாலே உரிகிறது. உருவங்களைக் கொண்டுவந்து தந்தவர், முன்பணம் தந்தால் முழு பெயின்ற் செற்றும் தருவிக்கலாம் என்கிறார். வாங்கவா? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். உருவங்கள் கெடவில்லை. ரின்னிலிருந்து வரும் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும். மாரிக் காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கும். வெள்ளைப் பூப்பு அதனால் வருவது. எட்ட நின்று அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாக விழும், சொரசொரப்பு அதனால். உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சில் தடவிய தூளும் கைப்பிசுக்கும். பூச முன் கழுவியதாக நீங்கள் எழுதவில்லை.

ஓர் உருவத்தில் செலோரேப்பை அழுத்தி ஒட்டி, சடக்கென்று இழுங்கள். பூச்சு ரேப்போடு வந்தால் எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். வராமல் வெள்ளைப் பூப்பு மட்டும் இருந்தால் அதன் மேலேயே நிறம் பூசலாம்.

கழற்றுவதற்குப் பார்மசியில் கிடைக்கும் மண்ணிற டெற்றோல் போதும். தண்ணீர் கலக்காமல் ஒரு மூடியுள்ள போத்தலில் ஊற்றி, உருவங்களை ஒரு நாள் ஊறவிடுங்கள். கையுறை போட்டு, பழைய பல் பிறஷை டெற்றோலிலேயே தோய்த்துத் தேயுங்கள். அவசரப்பட்டுப் பைப்பின் கீழ் பிடித்தால், இளகிய பெயின்ற் தார்போலக் களியாகி மடிப்புகளில் அப்பிவிடும். முழுதும் போனபின் பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டு நீரும். வாகன பிறைமர் சில டெற்றோலுக்கு மசியாது. அப்போது அசிற்றோன் என்ற கரைப்பான், வெளியில் வைத்து, அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் எட்ட. சுப்பர் குளூ போட்ட மூட்டுகள் கழன்றுவிடும், திரும்ப ஒட்டலாம்.

இந்த அசிற்றோன் முழு உலோகத்துக்கு மட்டும்தான். உலோக ஆளோடு பிளாஸ்ரிக் குதிரை, பிளாஸ்ரிக் ஈட்டி, பிளாஸ்ரிக் கேடயம் சேர்ந்து வரும் செற்றுகள் உண்டு. அவற்றை அசிற்றோனிலோ தின்னரிலோ போட்டால் சில நிமிடத்தில் குழைந்துவிடும், மீட்க வழியில்லை. பிறைமர் மூடியிருக்கும்போது கண்ணால் பிரிக்க முடியாது. துவக்கின் நுனியை மெல்ல வளையுங்கள்: உலோகம் வளைந்த இடத்திலேயே நிற்கும், பிளாஸ்ரிக் திரும்பி வரும், ரெசின் (அச்சில் வார்க்கும் பிசின்) முறிய வெளிக்கிடும். குதிரையையும் ஆளையும் தனித்தனியே சோதியுங்கள். சந்தேகம் என்றால் டெற்றோல்தான். பிளாஸ்ரிக்கை அதிலும் இரவு முழுதும் விடாமல், மணிக்கொரு தரம் எடுத்துப் பாருங்கள்.

இனி ஸ்பிறேயை மறந்துவிடுங்கள். தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிறைமரை மெல்லியதாக ஒரு தரம் பூசி, ஒரு முழு நாள் காயவிடுங்கள். மாரியென்றால் இரண்டு நாள். நாற்பது உருவங்களுக்கு ஒரு சிறு போத்தல் தாராளம். ஸ்பிறேதான் வேண்டுமென்றால் மாசி, பங்குனியில், காலைப் பனி உலர்ந்து வெயில் ஏற முன், ஓர் அடிக்குள் பிடித்து அடிக்கலாம். சோழகம் தொடங்கினால் புழுதி ஒட்டும். "பில்லர்" என்று எழுதிய வாகன பிறைமரைத் தொடவே வேண்டாம். அது கீறலை நிரப்பச் செய்தது, முகத்தையும் நிரப்பிவிடும்.

இனி, உருவங்களைக் கொண்டுவந்து தந்த உங்கள் தரகரைப் பற்றி. ஸ்பிறே ரின்னும் வெளிநாட்டுத் தபாலில் வருகிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். அமுக்கிய வாயு ரின்களை விமானத் தபால் ஏற்காது. முழு செற் என்பது முப்பது, நாற்பது நிறம். உங்களுக்கு எட்டுப் போதும்: சிவப்பு, வெள்ளை, கறுப்பு, இரண்டு மண்ணிறம், காவி மஞ்சள், பச்சை, உலோக வெள்ளி. "பண்டார வன்னியன் செற்" என்று யாராவது நீட்டினால், எந்தக் கொம்பனியின் எந்த இலக்கம் என்று கேளுங்கள். பொதுவான இந்தியக் காலாட்களைப் பெயர் மாற்றி இரட்டை விலைக்குத் தள்ளுவது லேசு. அதைவிட மோசம், ஒருவருடைய உருவத்தை ரெசினில் நகலெடுத்து விற்பது: மழுங்கிய முகம், காற்றுக் குமிழ் ஓட்டை, பெட்டியில் பெயரில்லை. பொருளைக் கையில் பார்க்க முன் முழுக்காசு கொடுக்காதீர்கள். இப்படி ஆட்கள் பிழைப்பதற்கு நடைமுறையும் ஒரு காரணம். ஒரு சின்னப் பொதிக்கு என்ன வரி, எத்தனை நாள் என்று முன்கூட்டியே நேராகச் சொல்ல ஆளில்லாத இடத்தில், "நான் எடுத்துத் தாறன்" என்பவர் கேட்டதுதான் விலை. வன்னியில் இருப்பவர் ஒரு போத்தல் பெயின்றுக்காக ஏன் இவ்வளவு அலைய வேண்டும்?

நிறத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து இரண்டு தரம் பூசுங்கள். ஆங்கிலேயப் படையின் சிவப்புச் சட்டை மேடுகளுக்கு வெள்ளை கலந்தால் ரோசாவாகிவிடும். காவி மஞ்சளைக் கலவுங்கள். வன்னி வீரர்களின் உடலுக்கு அடர் மண்ணிறத்தில் தொடங்கி மேடுகளை மட்டும் வெளிறச் செய்யுங்கள்.

களத்தில் பலர் பிழைவிடுவது நிலத்தில். கற்சிலைமடு நினைவுக்கல் சொல்லும் நாள் 1803 ஒக்டோபர் 31. மாரி தொடங்கிய காலம். வெடித்த செம்மண் போடக்கூடாது. மணலைத் தேயிலை வடியில் அரித்து, தாச்சியில் வறுத்து ஈரம் போக்கி, பைண்டர் கம்மில் ஒட்டி, அடர் மண்ணிறம் பூசி, இளம்பச்சைப் புல் தூவுங்கள். ரெஜிபோம் மேட்டில் ஸ்பிறே பட்டால் உருகும், அதையும் தூரிகையாலேயே பூசுங்கள். தேங்கிய தண்ணீருக்குப் பளபளப்பு வானிஷ் இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பின். உருவங்களுக்கு மட் (பளபளப்பில்லாத) வானிஷ், அதுவும் தூரிகையால். ஸ்பிறே வானிஷும் இந்த ஈரத்தில் வெள்ளையாகத்தான் பூக்கும்.